கேசட்டை ஊதினால் கேம் ஏன் ஓடியது?

வீடியோ கேம் கேசட்டைக் கையில் எடுத்ததும் அதன் அடிவாயில் 'ஃபூ' என்று நாலு தடவை ஊதிவிட்டுத்தான் மெஷினில் சொருக வேண்டும். இதை எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. இணையமும் அப்போது கிடையாது. ஆனாலும் 80-களின் கடைசியில் அமெரிக்கப் பிள்ளைகள் செய்ததையே 90-களில் நம்ம ஊர்ப் பிள்ளைகளும் செய்தார்கள். கேம் ஓடவும் செய்தது. வேடிக்கை என்னவென்றால், மெஷினைத் தயாரித்த நிண்டெண்டோ நிறுவனமே "தயவுசெய்து ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டால் உலோகம் அரித்துவிடும்" என்று சொல்லிவந்தது.

அப்படியானால் ஊதினதும் ஏன் ஓடியது? சின்னக் கேள்வி மாதிரிதான் தெரியும். நூல் பிடித்துப் போனால் ஒரு தொழில் திவாலான கதை, ஒரு பூட்டு, ஒரு நீதிமன்ற வழக்கு, எட்டுப் புறாக்கள் எல்லாம் வருகின்றன. இந்தக் கட்டுரை அந்த நூலைப் பற்றியது.

(ஒரு குறிப்பு: அதன் சரியான பெயர் 'கார்ட்ரிட்ஜ்'. நம்ம ஊரில் எல்லோரும் கேசட் என்றுதான் சொன்னோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

மண்ணுக்குள் போன கேசட்டுகள்

1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை தலைகுப்புற விழுந்தது. சுமார் 320 கோடி டாலராக இருந்த வியாபாரம் 1985 வாக்கில் 10 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காரணங்கள் பல. முக்கியமான ஒன்று, அட்டாரி மெஷினுக்கு யார் வேண்டுமானாலும் கேசட் போட்டு விற்க முடிந்தது. கடைகளில் குப்பை கேம்கள் குவிந்தன. அட்டாரி நிறுவனம் விற்காத சரக்கை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ ஊர்க் குப்பைக்கிடங்கில் கொண்டுபோய்ப் புதைத்தது. பல வருஷம் இதைக் கட்டுக்கதை என்று நினைத்தவர்கள் உண்டு. 2014-ல் தோண்டிப் பார்த்தார்கள், உள்ளே கேசட்டுகள் இருந்தன!

அதே 1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோவின் 'ஃபேமிகாம்' வெளிவந்தது. வடிவமைப்புக் குழுவின் தலைவர் மசாயுகி உயெமுரா. சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு சின்னப் பெட்டி. கேசட்டை மேலேயிருந்து நேராகச் சொருக வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. ஆனால் அமெரிக்காவில் 'வீடியோ கேம்' என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் ஓடிய காலம் அது. அங்கே இதை எப்படி விற்பது?

வி.சி.ஆர். வேஷம்

பொம்மை மாதிரி இருக்கவே கூடாது என்று முடிவு செய்தார்கள். அமெரிக்கக் கிளையின் வடிவமைப்பாளர் லான்ஸ் பார் கையில் அந்தப் பெட்டி சாம்பல் நிற வி.சி.ஆர். மாதிரி உருமாறியது. முன்பக்கக் கதவைத் திறந்து, கேசட்டைப் படுக்கவைத்து உள்ளே தள்ளி, பிறகு கீழே ஒரு அமுக்கு. பெயர்கூட 'நிண்டெண்டோ என்டர்டெய்ன்மென்ட் சிஸ்டம்', சுருக்கமாக என்.இ.எஸ். 1985 அக்டோபரில் நியூயார்க்கில் சோதனை விற்பனை தொடங்கியது. இன்னொரு காரணத்தையும் உயெமுரா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். டெக்சாஸ், அரிசோனா மாதிரி வறண்ட பகுதிகளில் பிள்ளைகள் கையிலிருந்து நிலைமின்சாரம் பாய்ந்து மெஷின் கெட்டுவிடுமோ என்ற பயமும் இருந்ததாம்.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பம். மேலேயிருந்து சொருகும் மெஷினில் கேசட்டின் உலோகப் பற்கள் மெஷினின் பின்களை உரசிக்கொண்டே இறங்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுக்கு தானாகச் சுரண்டப்படும், பிடியும் இறுக்கமாக இருக்கும். என்.இ.எஸ்.ஸில் அப்படி இல்லை. அதிக விசையில்லாமல் உள்ளே போய், கீழே அமுக்கும்போதுதான் பின்கள் வந்து பிடிக்கும். பின்கள் வளைந்து வளைந்து நாளடைவில் தளர்ந்துவிடும். தளர்ந்த பின், அழுக்கு ஏறிய பல், இரண்டும் சேர்ந்தால் தொடர்பு விட்டு விட்டுத்தான் வரும்.

பின்கள் மொத்தம் 72. இந்த எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஜப்பான் ஃபேமிகாமில் 60 பின்கள். அதில் ஒலிக்கான 2 பின்களை எடுத்துவிட்டார்கள். அடிப்பக்க விரிவாக்கத் துவாரத்துக்கு என்று 10 பின்கள் சேர்த்தார்கள். அந்தத் துவாரத்துக்கு நிண்டெண்டோ கடைசிவரை ஒரு கருவியும் வெளியிடவில்லை. ஆக 68. மீதி 4? அந்த நாலு பின்தான் நம் கதையின் வில்லன்.

பூட்டும் சாவியும்

அட்டாரிக்கு நேர்ந்தது தனக்கு நேரக் கூடாது என்பதில் நிண்டெண்டோ உறுதியாக இருந்தது. தன் அனுமதி இல்லாத கேசட் எதுவும் ஓடக் கூடாது. அதற்காக மெஷினுக்குள் ஒரு சின்னச் சிப், கேசட்டுக்குள் அதே மாதிரி இன்னொரு சிப். மெஷினில் இருப்பது பூட்டு, கேசட்டில் இருப்பது சாவி. இரண்டிலும் ஓடும் நிரலின் பெயர் '10என்.இ.எஸ்.'. மெஷினை ஆன் செய்ததும் இரண்டும் ஒரே தாளத்தில் ஒரே கணக்கைப் போட்டு, விடையை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆன் செய்யும்போது ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவதில்லை, ஆட்டம் முடியும்வரை இந்தப் பேச்சு நடக்கும். ஒரு விடை பிசகினாலும் பூட்டுச் சிப் மெஷினை ரீசெட் செய்துவிடும். மறுபடி முயலும், மறுபடி ரீசெட். ஏறத்தாழ வினாடிக்கு ஒரு முறை.

என்.இ.எஸ். வைத்திருந்த எல்லோருக்கும் மறக்க முடியாத அந்தச் சிவப்பு விளக்குச் சிமிட்டல் இதுதான். பவர் லைட் அணைந்து அணைந்து எரியும், திரையும் கூடவே சிமிட்டும். 'மெஷின் போச்சு' என்று பிள்ளைகள் அழுதிருப்பார்கள். மெஷினுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. பூட்டுக்கும் சாவிக்கும் இடையே இருந்த நாலு பின்னில் ஒன்று சரியாகத் தொடவில்லை. அதைப் பூட்டு, 'திருட்டுக் கேசட்' என்று எடுத்துக்கொண்டது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது ரொம்பப் பழக்கமான தவறு. திருட்டையும் தூசியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒரு சோதனை. எழுதினவர்கள் திருடனை மட்டும் நினைத்து எழுதியிருக்கிறார்கள். காசு கொடுத்து அசல் கேசட் வாங்கின பிள்ளையின் வீட்டில் தூசி இருக்கும் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

எது எதனால் கெடும்?

அந்தக் காலத்தில் இதை யாராவது ஒரு காகிதத்தில் எழுதித் தந்திருந்தால் எத்தனையோ மெஷின்கள் தப்பித்திருக்கும்:

- விளக்கே எரியவில்லை: கேசட்டைச் சந்தேகப்பட வேண்டாம். அடாப்டர், வயர், பவர் பகுதியைப் பாருங்கள்.
- விளக்கு சிமிட்டுகிறது: பூட்டும் சாவியும் பேசிக்கொள்ள முடியவில்லை. அனேகமாகப் பின்கள்தான்.
- விளக்கு நிலையாக எரிகிறது, திரை வெறும் சாம்பல் நிறம்: சாவி சரி. ஆனால் கேமின் நிரல் வரும் பின்களில் தொடர்பு இல்லை.
- பாட்டு வருகிறது, பட்டனுக்குக் கேம் அசைகிறது, படம் மட்டும் கட்டம் கட்டமாய்க் குழம்பியிருக்கிறது: கேசட்டில் நிரலுக்கும் படத்துக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு. இதில் படத்தின் பாதை மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

நாலில் மூன்றுக்கு ஒரே மருந்து, பற்களைச் சுத்தம் செய்வது. நிண்டெண்டோவே பிறகு ஒரு சுத்தம் செய்யும் கிட் தயாரித்து விற்றது. ஆனால் பிள்ளைகள் அதற்குள் இலவச மருந்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஊதியதா, எடுத்துச் சொருகியதா?

ஊதுகிற ஆள் என்னென்ன செய்கிறான் என்று வரிசையாகப் பாருங்கள். கேசட்டை வெளியே எடுக்கிறான். ஊதுகிறான். மறுபடி சொருகுகிறான். ஓடுகிறது. பாராட்டு முழுக்க நடுவில் இருப்பதற்குப் போய்விடுகிறது.

உண்மையில் வேலை செய்தது முதலும் கடைசியும். ஒவ்வொரு தடவை எடுத்துச் சொருகும்போதும் பின்கள் கொஞ்சம் வேறு இடத்தில் போய் உட்காரும், கொஞ்சம் உரசும். தொடர்பு கிடைக்க இன்னொரு வாய்ப்பு. தாயக்கட்டையை மறுபடி உருட்டுகிற மாதிரி. ஊதாமல் வெறுமனே எடுத்துச் சொருகிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் யார் அப்படிச் செய்து பார்ப்பார்கள்? ஊதுவதற்குக் காசா, பணமா?

பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1948-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். பசியோடு இருந்த 8 புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வருமாறு வைத்தார். 6 புறாக்கள் ஆளுக்கொரு சடங்கு பழகிக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் இடமாகச் சுற்றியது, இன்னொன்று மூலையில் தலையை முட்டியது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் தீனி வந்தது என்று அந்தப் புறா 'நம்பிவிட்டது'. கேசட் விஷயத்திலும் அதே கதைதான். எப்போதும் பலிக்காமல் அவ்வப்போது மட்டும் பலிக்கிற சடங்கு இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். 'இந்தத் தடவை சரியா ஊதலை' என்று ஒரு சமாதானமும் கையில் தயாராக இருக்கும்.

புறாக்களுக்குக்கூட அதில் நஷ்டமில்லை. இங்கே நஷ்டம் உண்டு. மூச்சில் ஈரம் இருக்கிறது. அது உலோகத்தில் படிந்து அரிக்கும். அரித்தால் தொடர்பு இன்னும் கெடும். கெட்டால் இன்னும் ஊத வேண்டும். நோயை வளர்க்கிற வைத்தியம்.

நீதிமன்றத்தில் ஒரு சாவி

பூட்டு யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்கள் சும்மா இருந்தார்களா? நிண்டெண்டோ அனுமதி கொடுத்தாலும் ஒரு நிறுவனம் வருஷத்துக்கு 5 கேம்தான் வெளியிடலாம், கேசட்டையும் நிண்டெண்டோவே தயாரித்துத் தரும் என்று விதி. அட்டாரி கேம்ஸ் நிறுவனம் தன் 'டென்ஜன்' பிராண்டுக்காகப் பூட்டை உடைக்கப் பார்த்தது. சிப்பை ஆராய்ந்து முழுதாகப் புரியாமல் போகவே, வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே 10என்.இ.எஸ். நிரலின் பிரதியை வாங்கியது. அதை வைத்து 'ராபிட்' என்ற சாவியைச் செய்தது. வழக்கு நடந்து, 1992-ல் மேல்முறையீட்டிலும் அட்டாரி கேம்ஸுக்கு எதிராகவே முடிவு வந்தது. வேறு சில சின்ன நிறுவனங்கள் இன்னும் எளிய வழியைப் பிடித்தன. கேசட்டிலிருந்து ஒரு மின்னழுத்த அதிர்ச்சி கொடுத்துப் பூட்டைத் திகைக்க வைத்துவிட்டன!

ஆக, திருட வந்தவர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது காசு கொடுத்தவர்கள்தான். கடைசியில் 1993-ல் நிண்டெண்டோ 49.99 டாலருக்கு ஒரு புது என்.இ.எஸ். வெளியிட்டது. கேசட்டை மேலேயிருந்து சொருகலாம். உள்ளே பூட்டுச் சிப்பும் இல்லை. பத்து வருஷம் கழித்து 1983-ன் வடிவத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள்.

நம்ம ஊர்க் கேசட்

90-களில் நம்ம ஊருக்கு வந்தது என்.இ.எஸ். இல்லை. பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். 60 பின், மேலேயிருந்து சொருகுவது. ஃபேமிகாமில் பூட்டே கிடையாது, அதனால் நகலிலும் கிடையாது. '9999 இன் 1' என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே இருபது முப்பது கேம்தான் திரும்பத் திரும்ப வரும். மரியோ, கான்ட்ரா எல்லாம் நமக்கு அப்படித்தான் அறிமுகம்.

யோசித்துப் பார்த்தால் விநோதம். அமெரிக்கப் பிள்ளையை ஊத வைத்த முக்கியமான இரண்டு காரணமும், அதாவது பூட்டும் தளர்ந்த பின்னும், நம்மிடம் இல்லை. நம்ம மெஷினில் சிவப்பு விளக்கு சிமிட்டவே சிமிட்டாது. அழுக்கு இருந்தால் திரையில் கோடும் கட்டமும் வரும். கேசட் சொருகுகிற இடம் திறந்தே கிடக்கும், நம்ம ஊர்த் தூசி சொல்லவே வேண்டாம். எங்கள் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாடவிடும் கடைகளில் ஒரே கேசட் ஒரு நாளில் எத்தனை கை மாறும்! காரணம் வேறு, சடங்கு ஒன்றேதான். யாரும் யாரிடமும் கற்றிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தூசி என்றால் ஊது என்று எல்லா ஊர்க் கையும் வாயும் தானாகவே செய்திருக்கும்.

அடுத்த தலைமுறையின் துண்டு

இந்தக் கதை கேசட்டோடு முடியவில்லை. 2005 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-ல் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து மெஷின் நின்றுவிடும் பிரச்சினை பரவியது. அப்போதும் ஒரு வீட்டு வைத்தியம் வந்தது. மெஷினைத் துண்டில் சுற்றி ஓடவிடு, சூடாகி உயிர் வரும்! சிலருக்குக் கொஞ்ச நேரம் வரவும் செய்தது. வெப்பத்தில் விரிந்து, விட்ட தொடர்பு தற்காலிகமாக ஒட்டும். நோய்க்குக் காரணமும் அதே வெப்பம்தான். ஆன், ஆஃப் என்று சூடாகிக் குளிர்ந்ததில் உள் இணைப்புகள் விரிசல் விட்டன என்று மைக்ரோசாஃப்டே 2021-ல் தன் ஆவணப்படத்தில் விளக்கியது. ஒரு வித்தியாசம்: 2007 ஜூலையில் அந்த நிறுவனம் வாரண்டியை 3 வருஷமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது.

ஊதுவதையும் துண்டில் சுற்றுவதையும் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் மெஷின் தனக்கு என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தச் சடங்குகள் பிறந்தே இருக்காது. உள்ளே இருந்த பூட்டுச் சிப்புக்குச் சாவி பேசவில்லை என்று தெரியும். அது அதைத் தன் முதலாளிக்காக மட்டும் தெரிந்து வைத்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு சிமிட்டல் மட்டும். இன்றைக்கும் 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது, பிறகு முயலவும்' என்று திரையில் எழுதிவிட்டுப் போகும் நாங்கள் அதிலிருந்து ரொம்பத் தூரம் வந்துவிடவில்லை.

ஜப்பானில் ஃபேமிகாமைப் பழுதுபார்க்கும் சேவையை நிண்டெண்டோ 2007 அக்டோபர் வரைக்கும் நடத்தியது. உதிரி பாகம் தீர்ந்துபோனதால் நிறுத்தியது. இனி நம்ம கைதான். பரணில் பழைய கேசட் கிடந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காது பஞ்சால் பற்களைத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் சொருகுங்கள். வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.