ஒரே கரை, இரண்டு நூல்கள்

நெய்தல் என்றவுடன் தமிழாசிரியர் மனத்தில் வெண்மணலும் புன்னை மரமும் தோன்றும். சிலாங்கூர்க் கடற்கரையோ வேறு வகையானது. மோரிப் போன்ற சில இடங்கள் நீங்கலாக, கரை நெடுகக் கண்டற்காடும் சேறுமே காணப்படும். விடுமுறையில் மாணவரை அழைத்துச் சென்று மோரிப்பில் கூடாரமடிப்போர், கிள்ளானில் ஒரு பொழுதும் ஜூக்ராவில் ஒரு பொழுதும் நடந்து பார்த்தல் நலம். இன்று ஆரவாரமற்றிருக்கும் ஜூக்ராப் பகுதியிலேதான் சுல்தான் அப்துல் சமாத் (1857–1898) அரசிருக்கை கொண்டிருந்தார். 1874-இல் பிராங் சுவெட்டன்காம் ஆலோசகராக வந்து தங்கியதும் இந்த லங்காட் கழிமுகத்திலேயே. சுல்தானின் அடக்கத்தலம் ஜூக்ராக் குன்றில் இருக்கிறது.

இக்கரையைப் பற்றி ஆங்கில மாதர் இருவர் நூல் எழுதினர். இசபெல்லா பேர்டு 1879-இல் இங்கு வந்தார். உலகம் சுற்றிப் புகழ்பெற்ற அம்மையார் ஆதலின், அரசினர் கப்பலிலே பயணம், அதிகாரிகள் வீட்டிலே விருந்து, சுல்தானிடம் பேட்டி என எல்லாம் எளிதில் கிடைத்தன. அவர் நூல் 1883-இல் வெளிவந்தது. வெறும் புகழுரை அன்று அது. கிள்ளானில் பாதி வீடுகள் காலியாய்த் தோன்றுகின்றன, குடிமக்களில் பாதிப்பேர் அரசாங்க ஊழியரே என்று எழுதினார். மறுஆண்டே தலைமையகம் கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அம்மையாரின் கண் கூர்மையானதே!

எமிலி இன்னெஸ் விருந்தாளியல்லர். லங்காட்டில் அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் இன்னெஸின் மனைவியாக 1876 முதல் இங்கு வாழ்ந்தவர். கணவர் 1882-இல் பதவி துறந்தார். 1885-இல் எமிலி வெளியிட்ட நூலின் பெயரே, பொற்பூச்சு நீங்கிய மலாய் நாடு என்று பொருள்படும். சேறு, கொசு, தனிமை, நல்லுணவு கிடையாமை ஆகியவையே அதன் செய்தி. பேர்டு எழுதியது பொய் என்று அவர் சொல்லவில்லை. இருவர் கூற்றும் மெய்யே, சூழ்நிலைதான் வேறு என்றார். இத்தகைய நேர்மை வாதம் செய்வோரிடம் அரிது.

மனக்குறையுற்ற ஒரு மாதின் புலம்பல் என்று எமிலியின் நூலை ஒதுக்குவது எளிது. ஆனால் அவர் நொந்துகொண்ட கொசுவின் வலிமை பின்னரே தெரிந்தது. மலேரியாவுக்கும் கொசுவுக்குமுள்ள தொடர்பை 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். 1901 செப்டம்பரில் கிள்ளான் ஆற்று முகத்தில் போர்ட் சுவெட்டன்காம் துறைமுகம் திறக்கப்பட்டது. (இன்றைய போர்ட் கிள்ளான் இதுவே.) திறந்து இரண்டு மாதம் ஆகுமுன் காய்ச்சல் பரவி, துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், காட்டை வெட்டச் செய்தும் சதுப்பு நீரை வடியச் செய்தும் நோயை அடக்கினார். ராஸின் கண்டுபிடிப்பு நடைமுறையில் வென்ற முதல் இடங்களுள் கிள்ளானும் ஒன்று.

பிற்பாடு வாட்சன் தோட்டங்களின்பால் கருத்தைச் செலுத்தினார். அங்கே காய்ச்சலுக்குப் பெருந்தொகையாய் இரையாகிக்கொண்டிருந்தோர் தமிழ்த் தொழிலாளர். அதிகாரியின் வீட்டில் கொசு எமிலிக்குத் தொல்லையாயிருந்தது. தோட்டத்துக் குடியிருப்பில் அதுவே எமனாயிற்று.

மாணவருடன் செல்வோர் பேர்டின் நூலைக் கிள்ளான் ஆற்றங்கரையில் பகலிலே படிக்கலாம். எமிலியின் நூலை ஜூக்ராவில், பொழுது சாய்ந்த பின் பிரிப்பதே பொருத்தம்.