மரவள்ளி தேறிவிட்டதா? தடி வெட்டுமுன் அறிய வேண்டியவை

மீளக்குடியமர்ந்த காணிகளில் பலர் முதலில் ஊன்றியது மரவள்ளித் தடிதான். விதைக்குக் காசு தேவையில்லை. அயலவரிடம் நாலு தடி கேட்டு வாங்கினால் போதும். பொருளாதாரத் தடைக் காலத்திலும் இடப்பெயர்வுகளின்போதும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் எத்தனையோ குடும்பங்களின் ஒருநேரச் சாப்பாடாக இருந்தன. ஆனால் அதே தடியோடு ஒரு நோயும் காணிக்குக் காணி போகிறது.

இலையில் மஞ்சளும் வெளிர்பச்சையுமாகத் திட்டுகள் தோன்றும். இலை சிறுத்து, ஒருபக்கமாகக் கோணும். இலை சமைக்கும் உணவு குறைவதால் கிழங்கும் சிறுக்கும். இதைத் தேமல் நோய் என்பார்கள். இதற்குக் காரணமான வைரஸ்களில் ஒன்றுக்கு இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்றே பெயர். வெண் ஈயும் நோயுள்ள தடியும்தான் அதைப் பரப்புகின்றன. 2015 இல் கம்போடியாவில் கண்டறியப்பட்ட இதே வைரஸ், சில வருடங்களுக்குள் வியட்நாமின் மரவள்ளித் தோட்டங்களிலும் பரவியது.

நான் பாடசாலையில் விவசாயம் கற்பித்த காலத்தில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சேர், மரங்களுக்கும் காய்ச்சல் வருமோ?" காய்ச்சல் வராது. எங்கள் இரத்தத்தில் ஓடித்திரியும் வெண்குருதிக் கலங்கள் போன்றவையும் அவற்றிடம் இல்லை. ஆனால் தாவரம் சும்மா இருப்பதில்லை. அதன் ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே காக்க முயலும்.

வைரஸ் கலத்துக்குள் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. இந்த வடிவத்தைத் தாவரம் எதிரியின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. டைசர் என்ற நொதியம் அதைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஆகோனோட் என்ற புரதம் அந்தத் துண்டொன்றைப் பிடித்துக்கொண்டு, அதனோடு பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.யைத் தேடி வெட்டுகிறது. தாவரங்களில் இந்தச் சிறு துண்டுகள் இருப்பதை 1999 இல் இங்கிலாந்தில் அன்ட்ரூ ஹமில்ற்றனும் டேவிட் போல்கொம்பும் வெளிப்படுத்தினர். இந்தச் செய்தி கலத்துக்குக் கலம் பரவி, உரியக் குழாய்கள் வழியாக இளந்தளிருக்கும் போய்ச் சேர்கிறது. வைரஸும் சும்மா விடுவதில்லை. இந்த வெட்டும் வேலையைக் குழப்பும் புரதங்களை அதுவும் வைத்திருக்கிறது.

இதில் தாவரத்தின் கை ஓங்கினால், கீழ் இலைகள் நோயோடு இருக்க, மேலே புது இலைகள் பச்சையாக வரும். 1928 இல் அமெரிக்காவில் விங்காட் என்பவர் புகையிலையில் இப்படித் தேறிய செடிகளை விவரித்தார். அந்தப் புது இலைகளில் அதே வைரஸைத் திரும்பத் தடவியும் நோய் தோன்றவில்லை. இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் தொற்றிய செடிகளும் இப்படித் தேறக்கூடியவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மரவள்ளியில் இந்தப் பாதுகாப்பு 25 பாகை செல்சியஸிலும் பார்க்க 30 பாகையில் கூடுதலாக வேலை செய்வதும் தெரியவந்துள்ளது.

நாங்கள் ஏமாறக்கூடிய இடம் இதுதான். செடி தேறுவது வேறு, வைரஸ் இல்லாமற்போவது வேறு. பச்சையாகத் தெரியும் செடியிலும் வைரஸ் குறைந்த அளவில் தங்கியிருக்கலாம். அதிலிருந்து வெட்டும் தடிகளில் சில நோயின்றி முளைக்கும், சில நோயோடு முளைக்கும். எது எதுவென்று கண்ணால் பிரிக்க முடியாது. தடியிலேயே நோயோடு முளைக்கும் செடிதான் விளைச்சலை அதிகம் இழக்கும். வளர்ந்த பின் வெண் ஈயால் தொற்றிய செடிக்கு அவ்வளவு இழப்பு வராது.

ஆகவே கிழங்கு கிண்டும் நாளில் தடி தெரிவு செய்யாதீர்கள். அப்போது கீழ் இலைகள் கொட்டியிருக்கும், நோயின் சாட்சியும் போயிருக்கும். நட்டு இரண்டு, மூன்று மாதத்தில் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு திட்டுக்கூட இல்லாத செடிகளில் சீலைத்துண்டு கட்டி வையுங்கள். பிறகும் இடைக்கிடை பாருங்கள். திட்டு வந்தால் சீலையை அவிழ்த்துவிடுங்கள். கடைசிவரை சீலையோடு நிற்கும் செடியில் மட்டும் தடி வெட்டுங்கள். புதிதாக நட்டவற்றில் முதல் சில கிழமைகளில் திட்டோடு முளைப்பவற்றைப் பிடுங்கி, நல்ல தடியை ஊன்றுங்கள். வைரஸைக் குணமாக்கும் மருந்து கடையில் இல்லை. பூச்சிமருந்து ஈயைக் கொல்லலாம், செடிக்குள் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது.

நோயுள்ள செடியின் கிழங்கைப் பயமில்லாமல் அவித்துச் சாப்பிடலாம். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. அதன் தடியை மட்டும் அயலவருக்குக் கொடுக்க வேண்டாம்.