கோப்பியின் கணக்கு: நாம் எந்த நிரலைப் பார்க்கிறோம்?

1869இல் நோய் வந்தது, கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. இலங்கைப் பெருந்தோட்ட வரலாறு நம்மில் பலருக்கு இந்த மூன்று வசனங்களாகத்தான் நினைவிருக்கிறது. ஆனால் அக்காலத்து அரச புள்ளிவிபரங்களை வைத்துப் பார்த்தால் கதை அவ்வளவு நேரானதல்ல. அதில் இன்றைய நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் போல ஒரு பூஞ்சணம் தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அதன் மாதிரியை ஆய்வுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு கோப்பி ஏற்றுமதி என்ன ஆனது தெரியுமா? 10 இலட்சம் அந்தரைத் தாண்டியிருந்தது. 'எங்கே நோய்?' என்று துரைமார் கேட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. ஏற்றுமதி வருமானமும் ஏறியது. அந்த உற்சாகத்தில் பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 1 இலட்சம் ஏக்கர் காடு புதிதாகக் கோப்பிக்காக வெட்டப்பட்டது. வருமான நிரலை மட்டும் பார்த்தவருக்கு அது பொற்காலம்.

ஆனால் மொத்த விளைச்சலை ஏக்கரால் வகுத்துப் பாருங்கள். நோய்க்கு முன் ஒரு ஏக்கருக்குச் சராசரியாக நாலரை அந்தர் கிடைத்தது. 1870களின் இறுதியில் அது ஏறத்தாழ இரண்டு அந்தர். மரம் செத்துக்கொண்டிருந்தது, உயர்ந்த விலையும் புதுக் காணியும் அதை மூடி மறைத்தன. பிறகு பிரேசில் கோப்பி சந்தையில் குவிந்து விலையும் விழுந்தபோது மறைக்க எதுவும் மிஞ்சவில்லை. 1884 மே மாதம் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. அந்த வங்கியின் நோட்டுகளைக் கையில் வைத்திருந்த மக்கள் கலங்கிப் போனார்கள். தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரச உத்தரவாதம் கொடுத்த பின்னரே பதற்றம் தணிந்தது. அதையடுத்து நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பையும் அரசே எடுத்துக்கொண்டது.

அந்தப் புள்ளிவிபரங்களில் இன்னொரு பிரிவும் உண்டு. தோட்டக் கோப்பி, நாட்டுக் கோப்பி என்று ஏற்றுமதி இரண்டாகப் பதியப்பட்டது. நாட்டுக் கோப்பி என்பது கண்டிக் கிராமத்து மக்கள் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தது. அதை வாங்கி, பொதிமாடுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தவர்களில் நமது மூதாதையரான முஸ்லிம் வியாபாரிகள் முக்கியமானவர்கள். 'தவளம்' என்று அந்த வணிகத்தைச் சொல்வார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, பாதை மாறியது. பின்னர் நோய் அந்தக் கிராமத்து மரங்களையும் தின்றது. துரைக்குத் தேயிலை இருந்தது. கொழுந்துக்குத் தொழிற்சாலை வேண்டும். அது கிராமத்தானிடம் இல்லை. அந்த நிரல் மெல்ல வெறுமையானது. இன்று நமது தேயிலையில் பெரும்பங்கைத் தருபவர்கள் சிறுபற்று நில உடைமையாளர்கள். அவர்கள் அந்த இடத்துக்கு வர ஒரு நூற்றாண்டு போல ஆனது.

இனி, இல்லாத ஒரு நிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பியை அந்தர் கணக்கில் எழுதி வைத்த அரசு, தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளரில் எத்தனை பேர் வழியில் இறந்தார்கள் என்று அதே அக்கறையோடு எழுதி வைக்கவில்லை. 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டதாக அக்காலத்திலேயே ஒரு மதிப்பீடு எழுதப்பட்டது. அது கூடுதலா குறைவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். கோப்பியைப் பற்றி இப்படி யாரும் வாதிடுவதில்லை. எது எண்ணப்பட்டது என்பதை வைத்தே எது பெறுமதியாகக் கருதப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

இப்போது நமது காலத்துக்கு வருவோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். 2023 செப்டெம்பரில் 1.3 வீதம். 'பணவீக்கம் குறைந்ததாம், சாமான் விலை குறையவில்லையே, பொய் சொல்கிறார்கள்' என்று கடையில் நின்று பேசுகிறோம். எண் பொய்யல்ல. 2021இல் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்கள் 2022இல் ஏறத்தாழ 170 ரூபா. 2023இல் 172 ரூபா. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தது, விலை ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. நமது சம்பளமும் 172 ஆனதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அது வேறொரு நிரலில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அரசாங்கத்தின் எண்ணைக் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம், பொய் என்று தூக்கி எறியவும் வேண்டாம். அதை எதனால் வகுக்க வேண்டும், பக்கத்து நிரலில் என்ன இருக்கிறது, யாரை எண்ணாமல் விட்டிருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். 1870களில் முதல் கேள்வியைக் கேட்டிருந்தாலே பல காடுகள் தப்பியிருக்கும்.