கடலில் கோடு போட்ட கதை

ஆம்பூர்க்காரனுக்குக் கடல் எதுக்குன்னு கேட்காதீங்க மக்களே. எங்க ஊர்ல தைக்கிற ஷூ சென்னை துறைமுகத்துல கப்பலேறித்தான் ஐரோப்பா போகுது. பாக் நீரிணையில் ஆழம் கம்மி. அதனால பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுத்தித்தான் போகணும். வழியில் அந்த நாட்டுக் கடல் எல்லைக்குள் நுழைந்தாலும், வம்பு பண்ணாம நேரா கடந்து போனா தடுக்கக் கூடாது. சர்வதேசச் சட்டம் அப்படி. ஷூவுக்கு வழி உண்டு. ராமேஸ்வரம் மீனவர் வலைக்குக் கிடையாது. ஏன்?

முன்னாடி ஐரோப்பாவில் கணக்கு சிம்பிள். கரையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் உன் கடல். பிறகு அது 3 கடல் மைல்னு நிலைச்சது. (1 கடல் மைல் = 1.85 கி.மீ.) இந்தியா 1956-ல் 6 மைல் என்றது, 1967-ல் 12 என்றது. 1976 சட்டப்படி, 200 மைல் வரை மீன், எண்ணெய் மாதிரி வளங்களுக்கும் உரிமை.

ஆனா தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 24 மைல்கூட இல்லையே! ஆளுக்கு 12 எப்படி அளப்பது? 1921-லேயே சென்னை மாகாணமும் இலங்கையும் மீன்பிடிக்கு ஒரு கோடு பேசினாங்க, உறுதியாகலை. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்டாங்க. 285 ஏக்கர் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போச்சு.

நாம கதையை இங்கேயே முடிச்சிடறோம். ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க. 5-வது பிரிவுப்படி நம்ம மீனவரும் பக்தரும் பாஸ்போர்ட், விசா இல்லாம தீவுக்குப் போகலாம். 6-வது பிரிவுப்படி, இருநாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் வழக்கமா அனுபவிச்ச உரிமை தொடரும். மீன்பிடின்னு மட்டும் பச்சையா எழுதலை. 1976 மார்ச்சில் வெளியுறவுச் செயலாளர்கள் மாத்திக்கிட்ட கடிதத்தில் அது தெளிவாயிடுச்சு: அனுமதியில்லாம அடுத்தவர் கடலில் மீன் பிடிக்கக் கூடாது. வலையை நிறுத்தியது தீவு இல்லீங்க, அந்தக் கடிதம்தான்.

இன்னொண்ணு. கோட்டுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் தமிழர்தான். போர் முடிந்து அவங்க கடலுக்குத் திரும்பினப்போ, நம்ம இழுவைப் படகுகள் அவங்க வலையைக் கிழிச்சதுதான் அவங்க புகார். அடிமடி இழுவையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. நாளைக்கே கச்சத்தீவு திரும்பி வந்தாலும் இந்தச் சண்டை தீராது. தீவை மட்டும் பேசிட்டு கடிதத்தையும் இழுவை வலையையும் விட்டுட்டா எப்படிங்க?