எழுத்துருவுக்குள் மறைந்த தடை: டோல்கேட் எல்லையிலிருந்து ஓர் அணுகல் வரலாறு

அரசு இணையதளங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏன் எட்டாமல் இருக்கின்றன என்ற கேள்விக்கு 2024 நவம்பர் 8 முதல் பெரும்பாலும் ஒரே விடைதான் சொல்லப்படுகிறது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குறையை விதியின் மென்மையில் கண்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கட்டாயமாக்கியதை 2017ஆம் ஆண்டு விதிகள் வழிகாட்டுதல் அளவுக்குத் தளர்த்திவிட்டன என்பது அதன் முடிவு. கட்டடங்களுக்கும் பேருந்துகளுக்கும் இந்த வாசிப்பு பொருந்துகிறது. தமிழில் இயங்கும் உள்ளாட்சித் தளங்களைப் பொறுத்தவரை இது பாதி வரலாறுதான். மறுபாதியைச் சட்டநூலில் தேடிப் பயனில்லை. அது அலுவலகத் தட்டச்சு மேசையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு டோல்கேட்டைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், பழைய சென்னை மாநகராட்சியின் வடவிளிம்பும் திருவொற்றியூர் நகராட்சியின் தென்விளிம்பும் நெருங்கிவரும் பகுதி இது. 2011 வரை ஒருபக்கம் 1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டமும் மறுபக்கம் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் ஆண்டன. 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டு, மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவொற்றியூர் முதல் மண்டலமானது. எண்ணூர் வட்டாரத்தின் கத்திவாக்கம் நகராட்சியும் அவ்வாறே கரைந்தது. பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி, புகார் என எல்லாவற்றுக்கும் துறைமுகத் தொழிலாளியும் மீனவரும் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் ஒரே இணையதளத்தை நோக்க வேண்டியதாயிற்று. ஆகவே எந்தத் தாள் எந்தக் காலத்தில், எந்த அலுவலகத்தில், எவ்வாறு தட்டச்சு செய்யப்பட்டது என்ற கேள்வி இங்கே மற்ற இடங்களைவிடக் கூர்மையாக எழுகிறது.

தீர்ப்பின் வாசிப்பு

தீர்ப்பின் தர்க்கத்தை முழுமையாக எடுத்துக்கொண்டுதான் மறுக்க வேண்டும். சட்டத்தின் 40ஆம் பிரிவு அணுகல் தரங்களை வகுக்கும் பொறுப்பை ஒன்றிய அரசிடம் தருகிறது. 42ஆம் பிரிவு மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருப்பதை உறுதிசெய்யச் சொல்கிறது. 46ஆம் பிரிவு சேவை வழங்குவோர் அனைவருக்கும் ஈராண்டுக் கெடு விதிக்கிறது. இவை கட்டளைகள். ஆனால் 2017 ஜூனில் வந்த விதிகளின் 15ஆம் விதி, வெவ்வேறு துறைகளின் வழிகாட்டுதல் ஆவணங்களை அப்படியே சுட்டிவிட்டு நின்றது. அந்த ஆவணங்களின் மொழியோ பரிந்துரை மொழி. நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கை இந்த முரணை விரிவாக எடுத்துக்காட்டியது. அன்றைய தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு 15(1)ஆம் விதி தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து, மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளாக வகுக்கவும் ஆணையிட்டது.

இந்தத் தீர்ப்பின் பயன் பெரிது. கட்டாயக் குறைந்தபட்சத் தரம் இல்லாத இடத்தில் மீறல் என்ற ஒன்றே இராது. மீறல் இல்லையென்றால் புகாரும் இராது. அதை மாற்றிய தீர்ப்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு எண்ணமில்லை. என் கருத்து வேறுபாடு அதன் காரணகாரியத்தில் இருக்கிறது. கட்டாயம் இல்லாததால் அணுகல் இல்லை என்றால், கட்டாயம் இருந்த இடத்தில் அணுகல் இருந்திருக்க வேண்டும். தமிழ்ப் பக்கங்களில் கட்டாயம் இருந்தது, அதுவும் இந்தச் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே. அணுகல் மட்டும் வரவில்லை.

இந்த வாசிப்பு எந்த அனுபவத்திலிருந்து உருவானது என்பதையும் கவனிக்க வேண்டும். 1999இல் வந்த உலகளாவிய இணைய உள்ளடக்க அணுகல் நெறிகளின் முதல் பதிப்பும், அடுத்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தளத்துக்கு எதிராகப் பார்வையற்ற புரூஸ் மகையர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் வென்ற வழக்கும் ஆங்கிலப் பக்கங்களைச் சார்ந்தவை. அங்கே எழுத்து எழுத்தாகவே கணினிக்குள் இருந்தது. படத்துக்கு விளக்கம் இல்லை, அட்டவணை புரியும்படி இல்லை என்பன போன்றவைதான் சிக்கல். அங்கே கட்டாயப்படுத்தினால் பலன் கிடைக்கும், ஏனெனில் என்ன குறை என்று எல்லோராலும் சொல்ல முடியும். தமிழில் எழுத்தே எழுத்தாக இல்லாத ஒரு காலம் இருந்தது. அதன் எச்சம் இன்றும் பழைய கோப்புகளில் கிடக்கிறது.

ஒரு தலைப்பின் இரு உருவங்கள்

சான்றாக ஒரே ஒரு தடயத்தை எடுத்துக்கொள்கிறேன். 2000களில் வெளியான தமிழக அரசுச் சுற்றறிக்கைகளில் வானவில் எழுத்துருவில் அமைந்த ஏதேனும் ஒன்றைத் திறந்தால், மேலே ‘தமிழ்நாடு அரசு’ என்று அழகாக நிற்கும். அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டினால் வருவது தமிழ் அன்று. ‘அரசு’ என்ற சொல் இருந்த இடத்தில் எம், யு, பெரிய ஆர் என்று மூன்று ரோமன் எழுத்துகள் நிற்கும். ‘நாடு’ இருந்த இடத்தில் இ, எச், பெரிய எல். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு, ஜே என்பதையடுத்துத் தலையில் இரு புள்ளி வைத்த ஓர் ஐரோப்பிய எழுத்தும், இரண்டு எழுத்துகள் ஒட்டிய இன்னொன்றும் வரும்.

காரணம் எளியது. இவ்வகை எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளின் குறியெண்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தன. எந்த வடிவம் எந்த எண்ணில் என்பதைப் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசையமைப்பு முடிவுசெய்தது. எம் விசையில் அகரம், யு விசையில் ரகரம், ஷிப்ட் அழுத்திய ஆர் விசையில் சு. ‘அரசு’ என்ற சொல்லுக்குப் பாமினி எழுத்துருவிலும் இதே மூன்று எழுத்துகள் வருவது அந்தப் பொதுமூலத்தைக் காட்டுகிறது. விரல்களுக்கு எல்லாம் பழகிய இடத்தில் இருந்தன. கண்ணுக்கும் எல்லாம் சரியாக இருந்தன. கணினிக்குள் மட்டும் தமிழ் இல்லை.

பார்வையற்றவர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, குறியெண்ணைத்தான் படிக்கிறது. அதற்கு ‘அரசு’ என்பது பொருளற்ற ஓர் ஆங்கில ஓசை. ஒரு பக்க அறிவிப்பு முழுவதும் இப்படியே ஒலிக்கும். சாய்தளம் இல்லாத கட்டடத்தில் தடை வாசலில் தெரியும். இங்கே தடை, கண்ணுள்ளவர் எவருக்கும் தெரியாதபடி எழுத்துருவுக்குள் ஒளிந்திருக்கிறது.

15(1)ஆம் விதியின் தகவல்தொழில்நுட்பப் பகுதியை இந்தத் தடயத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். இணையதளத்தில் இடும் ஆவணங்கள் ஈபப் வடிவில் அல்லது ஒளிவழி எழுத்தறிதல் சார்ந்த பிடிஎஃப் வடிவில் இருக்க வேண்டும் என்றது 2017இல் வந்த விதி. அதன் மனத்தில் இருப்பவை இரண்டே நிலைகள்: ஒன்று வெறும் படம், மற்றொன்று எழுத்தாக அறியப்பட்ட ஆவணம். வானவில் பிடிஎஃப் இந்த இரண்டிலும் சேராது. அது படமன்று, தேர்ந்தெடுக்கலாம், நகலெடுக்கலாம். மேற்போக்காகச் சோதிக்கும் தணிக்கையாளர் அதை எழுத்து ஆவணம் என்றே குறிப்பார். இந்த விதியை ஓர் எழுத்தும் மாற்றாமல் கட்டாயமாக்கினாலும் எம், யு, ஆர் அப்படியே இருக்கும். தீர்ப்பின் வாசிப்பு போதாது என்று நான் சொல்வது இந்த இடத்தை வைத்துத்தான். 2008இல் வந்த அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு, நிரலால் அறியத்தக்கதாயும் மனித மொழியில் பொருள் தருவதாயும் இருக்கும் எழுத்துத்தொடரையே ‘எழுத்து’ என்று வரையறுத்தது. அந்த வரையறையின்படி வானவில் ஆவணம் எழுத்தே அன்று. 2017இல் வந்த விதியின் வாசகத்தில் அந்த நுட்பம் இடம்பெறவில்லை.

கட்டாயம் இருந்த காலம்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து, அதே ஆண்டில் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. பிறகு 2010 ஜூன் 23 நாளிட்ட, தகவல் தொழில்நுட்பத் துறையின் 29ஆம் எண் அரசாணை ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்றது. கோவைச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாள் அது. இவை மாற்றுத்திறனாளிகளை முன்னிட்டு எழுதப்பட்ட ஆணைகள் அல்ல. ஆயினும் தமிழ் உள்ளாட்சித் தளங்களின் அணுகல் வரலாற்றில் முதல் ஆவணமாக 2010ஆம் ஆண்டு ஆணையையே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. 2009இல் வந்த இந்திய அரசு இணையதள வழிகாட்டுதல்கள் எத்தனை நல்லவையாயினும், தமிழ் எழுத்து ஒருங்குறியில் இல்லாத பக்கத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை.

அந்த ஆணையில் ஒரு கூறு தனிக் கவனம் கோருகிறது. ஒருங்குறியோடு, டேஸ்16 என்ற அனைத்து எழுத்துக் குறியேற்றமும் மாற்றுத் தரமாக அதில் இடம்பெற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்16, அச்சு வேலைக்கு வசதியானது என்று அதன் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். ஆனால் அதன் எண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. அப்பகுதியின் எண்ணுக்கு உலகப் பொதுவான பொருள் கிடையாது; தனியே கற்பிக்காத திரைவாசிப்பான் அங்கே வாய்மூடி நிற்கும், அல்லது உளறும். ஆக, ஒரே ஆணை செவிக்கு எட்டும் தமிழையும் எட்டாத தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்றது. ஆணையை வகுத்தவர்களைக் குறைசொல்ல இது காரணமாகாது. அவர்கள் எதிர்கொண்ட கேள்வி வேறு. ஆனால் வாசகர் என்றால் கண்ணால் படிப்பவர் என்ற எண்ணம் ஆணையின் அடியில் இருந்ததை இது காட்டுகிறது.

ஆணைக்குப் பின்னும் அலுவலகங்களில் வானவில் நெடுங்காலம் நீடித்தது. தொழில்நுட்பம் கைகொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. பழைய தட்டச்சு விசையமைப்பிலேயே ஒருங்குறியில் எழுத உதவும் என்எச்எம் ரைட்டரும், பழைய குறியேற்றங்களை மாற்றித் தரும் என்எச்எம் கன்வர்ட்டரும் இலவசமாகவே கிடைத்தன. பழகிய விரலை மாற்ற வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. கட்டளையும் கருவியும் இருந்தும் நிலை மாறாததற்குக் காரணம், மீறல் யார் கண்ணிலும் படாததுதான். கோப்பைத் தயாரித்தவர், கையொப்பமிட்டவர், தணிக்கை செய்தவர் என யார் பார்த்தாலும் அங்கே தமிழ்தான் தெரிந்தது.

மாறியதும் மாறாததும்

இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று, இணையப் பக்கங்களும் பிடிஎஃப் கோப்புகளும் ஒரே வேகத்தில் மாறவில்லை என்பது. எழுத்துருவை இறக்கி நிறுவாதவர் கணினியிலும், பின்னர் கைப்பேசியிலும், பழைய முறையில் அமைந்த பக்கம் ரோமன் குப்பையாகத் தெரிந்தது. கண்ணுள்ளவருக்கே படிக்க முடியாமற்போனதும் பக்கங்கள் ஒருங்குறிக்கு மாறின. பிடிஎஃப் கோப்போ எழுத்துருவைத் தன்னோடே சுமந்து செல்லும். எந்தத் திரையிலும் அழகாகத் தெரியும். எனவே அதை மாற்ற எவருக்கும் அவசரமில்லை. ஆணை ஒன்று, அலுவலகம் ஒன்று, ஊழியரும் அவர்களே. வேறுபட்டது ஒன்றுதான்: கண்ணுள்ளவருக்கு அசௌகரியம் நேர்ந்ததா இல்லையா என்பது. கட்டாயத்தன்மையை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

டோல்கேட் பகுதிக்கு இதைப் பொருத்தும்போது சான்று மெலிகிறது என்பதை ஒப்புக்கொண்டே வாதிடுகிறேன். ஒருங்குறி ஆணைக்கும் நகராட்சி இணைப்புக்கும் இடையே இருப்பது 16 மாதங்கள்தான். ஆகவே திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் கணினியில் உருவாக்கிய தமிழ் ஆவணங்களில் மிகப்பெரும் பங்கு ஆணைக்கு முந்தைய காலத்தவை. நகராட்சி என்ற அமைப்பே மறைந்தபின், அவற்றை மறுபடி திறந்து மாற்றுவது எவருடைய அன்றாடப் பணியும் அல்ல. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இணைந்த பகுதிகளின் பழைய பதிவுகள் மாநகராட்சியின் சொந்தப் பதிவுகளைவிட அதிகமாகச் செவிக்கு எட்டாமல் இருக்கும் என்று கருத இடமுண்டு. இது ஊகம்தான். ஆனால் எல்லையின் வடபுறத்தாருக்குக் கூடுதல் சுமை என்னும் இந்த ஊகத்தைச் சோதித்துப் பார்ப்பது முதல் மண்டலத்தின் கடமை.

காலக்கணிப்பிலும் ஓர் இடர் உண்டு. மின்தூக்கியும் தடம்காட்டும் தரை ஓடும் கொண்ட டோல்கேட் மெட்ரோ நிலையம் 2021 பிப்ரவரி 14 அன்று பயன்பாட்டுக்கு வந்தது என்று ஐயமின்றிச் சொல்லலாம். இணையப் பக்கம் அப்படியன்று. புதியது பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. ஆகவே உள்ளாட்சித் தளங்கள் ஒருங்குறிக்கு மாறியதை ஓர் ஆண்டில் நிறுத்தாமல், 2010ஐத் தொடர்ந்த நீண்ட இடைமாற்றமாகக் கொள்வதே நேர்மை.

ஒருங்குறியோடு கதை முடியவுமில்லை. தாளில் அச்சிட்டு, முத்திரை வைத்து, ஸ்கேன் செய்து ஏற்றும் வழக்கம் நல்ல எழுத்தையும் மறுபடி படமாக்கிவிடுகிறது. வாக்காளர் பட்டியல் இன்று படவடிவ பிடிஎஃப்பாகவே கிடைக்கிறது. தேடத்தக்க எழுத்து வடிவில் வேண்டும் என்று 2018இல் காங்கிரஸ் கட்சியின் கமல்நாத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. தரவுத் திரட்டல் பற்றிய அச்சம் அங்கே முன்வைக்கப்பட்டது. பார்வையற்ற வாக்காளரின் செவி அந்த வாதத்தின் நடுவே வரவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அவர்களில் திரைவாசிப்பானை நம்பி வாழ்வோருக்கு ரத்தூரி தீர்ப்பு ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியே வரும் கட்டாய விதி, பிடிஎஃப் என்று வடிவத்தின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. உள்ளாட்சி வெளியிடும் ஒவ்வொரு தமிழ் ஆவணத்தின் உள்ளெழுத்தும் ஒருங்குறியில் இருக்க வேண்டும். தமிழ்க் குரல் கொண்ட திரைவாசிப்பான் அதைப் பிழையின்றிப் படிக்க வேண்டும். அதைக் கேட்டு ஒப்புக்கொள்ளும் பொறுப்பு பார்வை மாற்றுத்திறனாளி ஊழியர் ஒருவரிடம் ஊதியத்தோடு இருக்க வேண்டும். கண்ணால் நடத்தும் தணிக்கைக்கு எம், யு, ஆர் என்றைக்கும் ‘அரசு’ என்றுதான் தெரியும்.