போரில் சிதைந்த தேவாலயங்களுக்கான கத்தோலிக்கக் கொடை

போரில் இடிந்த கோயில்களைத் திரும்ப எழுப்பவும், அவற்றின் பங்குமக்களைத் தாங்கவும் கத்தோலிக்கர் திரட்டும் காணிக்கை. தொடக்கத்தில் இதைப் பெரிதும் அரசர்களே கொடுத்தனர். பின்னர் எளியவர்களின் சில்லறையே இதன் முதலாயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் இக்கொடையைப் பெற்றவர்கள், கொடுத்தும் வருபவர்கள்.

தென்னிந்தியாவில் இதன் பழைய சாட்சி புதுச்சேரியின் சம்பா கோயில். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் உதவியோடு இயேசு சபையினர் 1692இல் கட்டிய கோயிலை, மறு ஆண்டே நகரைப் பிடித்த டச்சுக்காரர்கள் அழித்தனர். 1736இல் முடிந்த பெரிய கோயில், 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபோது போயிற்று. இன்று நிற்பது 1791இல் திறக்கப்பட்டது. ஆந்திரத்தில் பலமனேரை அடுத்த புங்கனூரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணித்தளம் அமைத்த, இயேசு சபையின் கர்நாடக மிஷனுக்கும் புதுச்சேரிதான் தலைமையிடம். ஆகவே கடற்கரையில் விழுந்த குண்டு மலைநாட்டுப் பங்குகளையும் தள்ளாட வைத்தது.

1822இல் லியோன் நகரில், பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண்ணின் முயற்சியிலிருந்து விசுவாசப் பரப்புதல் சங்கம் பிறந்தது. பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து, ஆளுக்கு வாரம் ஒரு சூ காசு போட்டார்கள். அரசரை அண்டாமல் மறைத்தளங்களைத் தாங்க முடியும் என்று காட்டியது இந்த ஏற்பாடுதான்.

பெரிய வெள்ளிக் காணிக்கை இன்று பங்குமக்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அன்று திருப்பலி கிடையாது. பாடுகளின் வரலாறு வாசித்து, மன்றாட்டுகளும் முடிந்ததும் மக்கள் வரிசையாக வந்து சிலுவையை முத்தி செய்கிறார்கள். அன்றைய காணிக்கை திருநாட்டுக்குப் போகிறது. ஆண்டுக்கொரு முறையேனும் இதைத் திரட்ட வேண்டுமென 1887இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஆணையிட்டார். இதில் 65 விழுக்காடு பிரான்சிஸ்கன் சபையினரின் திருநாட்டுக் காவலகத்துக்கும், 35 விழுக்காடு வத்திக்கானின் கீழைத் திருச்சபைகளுக்கான துறைக்கும் சேரும். பலமனேரின் சிறு பங்கில் விழும் பத்து ரூபாய்த் தாளும் இவ்வழியே பெத்லகேமைச் சேர்கிறது.

இரண்டாம் உலகப் போர் இக்கொடைக்கு வேறொரு முகம் தந்தது. 1947இல் பெல்ஜியத்தின் தோங்கர்லோ மடத்துத் துறவி வெரன்ஃப்ரீட் வான் ஸ்ட்ராட்டன், ஜெர்மனியின் பிடியிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த குடியானவர்களிடம் போய், வீடிழந்த ஜெர்மானியருக்கே கொடுங்கள் என்று கேட்டார். கைவசம் காசில்லாதவர்கள் உப்புக்கண்டமிட்ட பன்றியிறைச்சியைக் கொண்டுவந்து குவித்தார்கள்; அவருக்குப் 'பன்றியிறைச்சிப் பாதிரியார்' என்ற பெயர் நிலைத்தது. பகைவனுக்குக் கேட்டுப் பெற்ற இந்தக் கொடையே இவ்வரலாற்றின் உச்சம். அவர் தொடங்கிய அமைப்பு, ஐ.எஸ். படையினர் எரித்த ஈராக்கின் கரகோஷ் கோயிலைச் சீரமைக்கவும் உதவியது. 2021 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே செபித்தார்.

உள்நாட்டுப் போர் நடந்த ஈழத்தில் கோயில் என்பது புகலிடமும்கூட. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் விமானக் குண்டுவீச்சுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக் கோயில்களும் பள்ளிகளும் நிரம்பி வழிந்தன. 1999 நவம்பரில் மடு மாதா திருத்தலத்தில் தஞ்சமிருந்தவர்கள்மீது எறிகணை விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தனர். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சுருவத்தைக் குருக்கள் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக நேர்ந்தது. ஆகஸ்டில் அது திரும்பியது. இக்காலங்களில் வெளிநாட்டுக் கத்தோலிக்கர் தந்த உதவி, கரித்தாஸ் வழியாகவும் யாழ்ப்பாணத்தின் மனித முன்னேற்ற நடுநிலையம் வழியாகவும் வந்தது. கூரை ஓடுகளைவிட உணவும் மருந்தும் அவசரமாயிருந்த நாட்கள் அவை. அவற்றுக்குச் செலவிட்டதையும் ஆலயக் கொடையென்றே கொள்ள வேண்டும்.

2025 ஜூலை 17 அன்று காசாவின் ஒரே கத்தோலிக்க ஆலயமான திருக்குடும்ப ஆலயத்தை இஸ்ரேலியக் குண்டு தாக்கி மூவர் இறந்தனர். மறுநாளே எருசலேம் இலத்தீன் மறைமுதுவர் கர்தினால் பிட்சபல்லா உதவிப் பொருட்களோடு அங்கே சென்றார்.