பனிநாட்டுக் குளங்கள்



பணியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்குப் பொழுது மிகுதி. அவன் சொல்வதைக் கேட்கும் செவிகளோ குறைவு. உதகமண்டலத்தில் என் வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு குளம் அமைக்க நான் முற்பட்டதற்கு இதுவே காரணம். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம். சிமெண்டுப் பூச்சுக் காய்ந்ததும் நீரை நிரப்பினேன். மூன்றாம் நாள் இருபது கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். மறுநாள் விடியலில் இருபதும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

என் பேத்தி கரையில் நின்று, "தாத்தா, மீனுக்குத் தண்ணீர்தானே வேண்டும்? தண்ணீர் இருந்ததே, பிறகு ஏன் செத்தன?" என்று கேட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் வினாக்களுக்கு விடை சொன்ன எனக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. விடை தேடி நூல்களைப் புரட்டினேன். அவை என்னை நடு ஐரோப்பாவிலுள்ள பொஹீமியா நாட்டிற்கு அழைத்துச் சென்றன. இன்று செக் குடியரசின் பகுதியாக விளங்குவது அந்நாடு.

பொஹீமியா கடலற்ற நாடு. குளிர்காலத்தில் அங்கே நீர்நிலைகள் உறைந்து பாறைபோல் இறுகிவிடும். இத்தகைய நாட்டில் மீன் வளர்க்க வேண்டிய தேவை எவ்வாறு எழுந்தது? சமயமே அதற்கு வழி வகுத்தது. இடைக்காலக் கிறித்தவர்கள் வெள்ளிக்கிழமைகளிலும், ஈஸ்டர் திருநாளுக்கு முந்தைய தவக்காலத்திலும், வேறு பல நோன்பு நாள்களிலும் புலால் உண்ணலாகாது, மீன் உண்ணலாம். கடல் மீனோ நெடுந்தொலைவு வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும். ஆகவே துறவியர் மடங்களும் பிரபுக்களும் குளம் வெட்டி மீன் வளர்க்கத் தலைப்பட்டனர். 14ஆம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்த பேரரசர் நான்காம் சார்லஸ் இப்பணியை ஊக்கினார். டோக்சி என்னும் ஊரருகே 1366இல் அவர் அமைக்கச் செய்த பெருங்குளம் இன்றும் உள்ளது.

இக்கலை உச்சத்தை எட்டியது 16ஆம் நூற்றாண்டில், தென் பொஹீமியாவின் ட்ரெபோன் வட்டாரத்தில். சதுப்பு மண்டிய அந்நிலத்தில் ஷ்டெபானெக் நெடோலிட்ஸ்கி என்னும் வல்லுநர், அந்நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் 'பொற்கால்வாய்' என்னும் நீண்ட கால்வாயை வெட்டுவித்தார். 45 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் அக்கால்வாய் குளத்திற்குக் குளம் நீரூட்டிச் செல்கிறது. தேங்கிய நீரில் மீன் நலிவுறும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அவருக்குப் பின் வந்த யாகுப் கிர்ச்சின் இன்னும் துணிவு மிக்கவர். 1584 முதல் 1590 வரை அவர் கட்டிய ரோஷ்ம்பெர்க் குளத்தின் கரை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுடையது. குளத்தின் இன்றைய பரப்பு சுமார் 490 ஹெக்டேர். வெள்ளம் வந்தால் கரை உடையுமே என்று அஞ்சி, ஆற்றின் மிகைநீரை வேறோர் ஆற்றுக்குத் திருப்ப 13 கிலோமீட்டருக்கு ஒரு புதிய ஆற்றையே வெட்டுவித்தார். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் செக் நாட்டைப் பெருவெள்ளம் தாக்கியபோது, அந்த நானூறு ஆண்டுக் கரை உடையாமல் நின்று வெள்ளத்தைத் தாங்கியது. கரையின்மேல் ஓக் மரங்களை நட்டு வளர்ப்பதும் அவ்வட்டாரத்து வழக்கம்.

வரலாற்றைப் படிக்கும் நீங்கள் ஒன்றை மறத்தலாகாது. பெரும்பணிகளின் பயன் ஒரு பக்கம், அவற்றின் விலை மற்றொரு பக்கம். 1571இல் ட்ரெபோன் நகரை ஒட்டிக் கிர்ச்சின் அமைத்த குளத்திற்காகப் புறநகரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. வீடிழந்தோர் மனம் கசந்தனர். பிரபுவின் மேசைக்கு மீன் வந்தது. எளியவனின் அடுப்பு இடம் பெயர்ந்தது. குளத்தின் அழகைப் பேசும்போது இதனையும் சேர்த்தே பேசுதல் நேர்மை.

இனி, பனியில் மீன் பிழைப்பது எங்ஙனம் என்று காண்போம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். நீரோ 4 பாகை சென்டிகிரேடில்தான் மிகவும் கனமாக இருக்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே எழுகிறது. எனவே பனிக்கட்டி மேற்பரப்பில் மிதக்க, அடியில் 4 பாகை நீர் தங்குகிறது. கெண்டை மீன் அவ்வடிநீரில் இரை துறந்து, அசைவு குறைந்து, யோகியைப்போல் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆழமற்ற குளமாயின் அடிவரை உறைந்து மீன் மடியும். ஆகவே அந்நாட்டார் முட்டையிடுவதற்கு வெயில் பட்டுச் சூடேறும் சிறு குளம், குஞ்சு வளர ஒரு குளம், பருத்து வளரப் பெருங்குளம், குளிர்காலம் கழிக்க நீரோட்டமுள்ள ஆழ்ந்த குளம் எனத் தனித்தனியே அமைத்தனர். பனிக்கட்டியில் துளையிட்டுக் காற்றுக்கு வழி செய்தனர். மேலே வெண்பனி மூடினால் நீருக்குள் ஒளி புகாது. நீர்ச்செடிகள் உயிர்வளியைத் தருவதும் நின்றுபோகும் என்பதே அதன் காரணம்.

இக்கலையைப் பற்றி நூலொன்று எழுதியவர் ஒலோமௌட்ஸ் நகரின் ஆயராகிய டுப்ராவியஸ். குளம் அமைப்பதையும் மீன் வளர்ப்பதையும் பற்றி இலத்தீனில் அவர் எழுதிய நூல் 1547இல் அச்சேறியது. 1599இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பின்னர் முப்பதாண்டுப் போர் அந்நாட்டைச் சீரழிக்கவே, குளங்களும் பொலிவிழந்தன. 19ஆம் நூற்றாண்டில் யோசெப் ஷுஸ்டா என்பவர் கெண்டையின் இரைப்பையை அறுத்து ஆராய்ந்து, நீரில் வாழும் நுண்ணுயிர்களும் புழுபூச்சிகளுமே அதன் முதன்மை உணவு என்று காட்டினார். 1884இல் அவர் எழுதிய நூல் அத்தொழிலுக்கு மறுவாழ்வு அளித்தது. மீனை வளர்க்க விரும்புவோன் முதலில் நீரை வளர்க்க வேண்டும் என்பதே அந்நூலிலிருந்து நான் பெற்ற பாடம்.

என் பேத்தியின் வினாவுக்கு இங்கேதான் விடை கிடைத்தது. பொஹீமியர் களிமண்ணை மிதித்துக் கரை கட்டினர்; நான் சிமெண்டு பூசினேன். புதுச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பின் காரம் மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். நீரை நிரப்பி, சில நாள் தேக்கி, இறைத்து, மீண்டும் நிரப்பிக் காரத்தைப் போக்கியிருக்க வேண்டும். பாசியும் செடியும் பிடிக்கக் காத்திருந்து, பின்னர் இரண்டு மூன்று மீன்களை மட்டும் முதலில் விட்டிருக்க வேண்டும். என் அவசரமே அவற்றைக் கொன்றது. இதனைப் பேத்தியிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

இந்த மலைக்கும் அந்தப் பனிநாட்டு மீனுக்கும் உறவு உண்டென்பதை அறிந்தபோது வியந்தேன். ஐரோப்பியர் வளர்த்தெடுத்த கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. என் குளத்தில் செத்தவை அதன் வழித்தோன்றல்களோ என்னவோ!

மறு ஆண்டு குளத்தை ஒரு மூலையில் நான்கடிக்கு ஆழப்படுத்தினேன். பலமுறை நீர் மாற்றி, அல்லிக் கிழங்கு நட்டு, நான்கு மாதம் வெறும் நீரையே பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு மூன்று மீன்களை விட்டோம். சனவரியில் உறைபனி விழுந்தது. புல் வெளுத்தது, வாசலில் வைத்த வாளிநீரின்மேல் கண்ணாடிபோல் ஏடு படிந்தது. மீன்களைக் காணவில்லை. பேத்தி நாள்தோறும் காலையில் கரைக்குப் போய், ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தாள். பிப்ரவரி இறுதியில் ஒரு நண்பகல் கொல்லையிலிருந்து கூவினாள். ஓடிச்சென்று எண்ணினோம். மூன்றும் இருந்தன.